மஞ்சள் ஊசிகள்

பீட்டர்ராஜ் மகனோடு பேசி நான்கு மாதம் ஆகிறது. இமானுவேல் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டு வந்து, இனிமேல் கல்யாண வீடியோ எடிட் பண்ணப் போகிறேன் என்று சொன்ன அன்று நின்ற பேச்சு. சோறு வேண்டுமா என்றுகூட நேரே கேட்பதில்லை. அவனுக்கு வேணுமான்னு கேளு என்று மனைவியிடம் சொல்வார். அவன் அவருக்கு எதிரேதான் தட்டோடு உட்கார்ந்திருப்பான்.

அந்தச் சனிக்கிழமை ராயப்பன்பட்டி முழுக்கச் சுண்ணாம்பு வாடை. கோயில் கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருந்தது. கொடி ஏறுவதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். அதற்கு முன்னால் பரணில் இருந்து கட்டிலடி வரைக்கும் எல்லாச் சாமானையும் வாசலில் இறக்குவார்கள். போன திருவிழாவுக்கும் இந்தத் திருவிழாவுக்கும் நடுவில் யார் கையும் படாத பொருள் மறுபடி உள்ளே ஏறக்கூடாது. பழைய இரும்புக்காரன் வண்டிக்குப் போய்விடும். பீட்டர்ராஜ் வீட்டில் இது சட்டம்.

வியாகுலமேரி ஐந்து மணி ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டாள். பீட்டர்ராஜ் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்டப் போய்விட்டார். இமானுவேல் தனியாகச் சாமானை இறக்கினான். ஓட்டைக் குடம், கம்பி போன குடை, யாரும் தூக்காத உரல். எல்லாம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, அதே சட்டத்தை இதற்குள்ளும் போட்டால் என்ன என்று தோன்றியது.

தப்பு அங்கேதான் நடந்தது.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து ஆறு வருடம். தேனியில் மூடப்போன ஒரு டைப்பிங் சென்டரில் மூத்தவள் பெனிட்டா வாங்கியது. வந்த புதிதில் எல்லாருக்கும் ஒரே திரை. இமானுவேல் அக்காவின் பி.எட். பாடத்தை அழித்தான். அக்கா அவன் விளையாட்டை அழித்தாள். யார் திறந்தாலும் பீட்டர்ராஜ் பார்க்கிற ஜல்லிக்கட்டு வீடியோதான் முதலில் வந்து முட்டியது. சண்டை தாங்காமல் பெனிட்டா நாலு அக்கவுண்ட் போட்டாள். ஒரு வீட்டுக்குள் நாலு கதவு. அவரவர் போட்டோ, அவரவர் பாஸ்வேர்டு.

அம்மாவுக்கு மட்டும் பாஸ்வேர்டு இல்லை. எனக்கு எதுக்கு ஆத்தா பூட்டு, உள்ள என்னத்த வச்சிருக்கேன் என்று வியாகுலமேரி சிரித்துவிட்டாள். யாரோ ஒருவரின் கல்யாணக் குரூப் போட்டோவில் இருந்து அவள் முகத்தை வெட்டி வைத்தாள் பெனிட்டா. பக்கத்தில் நின்ற பெண்ணின் தோள்பட்டையும் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாலு கதவுக்கும் சாவி அட்மின் கையில் இருக்கும். பெனிட்டா தேனியில் டீச்சர் வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிய பிறகு, இந்த நான்கு மாதமாக அட்மின் இமானுவேல்.

அவன் பார்த்தான். கல்யாண வீடியோவுக்கு இடம் இல்லை. அப்பா அக்கவுண்டில் நாலு ஜிபி. அக்காவுடையது பதினொன்று. அம்மாவுடையது எண்பத்து மூன்று.

எண்பத்து மூன்று ஜிபிக்கு அம்மாவிடம் என்ன இருக்கும். அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. ஏதோ வைரஸ் புகுந்து குப்பையைக் கொட்டியிருக்கிறது என்று முடிவு பண்ணினான். திறந்து பார்க்கவில்லை. அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. அதற்கும் ஆமாம் என்றான். அம்மாவின் முகம் திரையில் இருந்து போனது. அந்த இடத்தில் ஒரு கல்யாண வீடியோவை இறக்கிவிட்டு, ஒரு வேலை முடிந்த சந்தோஷத்தில் டீ போட்டுக் குடித்தான்.

பத்தரை மணிக்குப் பெனிட்டா தேனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் சுருட்டிய பெரிய பேப்பர் நாலு. அம்மா புதன்கிழமை போன் போட்டுச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமையில் இருந்து ஜீப்பு புதுத் தோட்டத்துக்குப் போகிறது, பாதி ஜீப்பு புதுப் பொம்பளைகள், நான் குறித்து வைத்திருக்கிற மேப்பைப் பெரிசாக எடுத்துக் கொடு, ஜீப்புக்குள்ளே ஒட்டிவிடுகிறோம் என்று. பத்து இருபது குறி இருக்கும் என்று பெனிட்டா நினைத்திருந்தாள். பார்த்து வரையப் பேப்பரை விரித்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

திரையில் மூன்று முகம் இருந்தது.

"ஏலே இமானு, மூணு பேர்தேன் இருக்கோம். அம்மா எங்க?"

அவன் பெருமையாகவே சொன்னான். எண்பத்து மூன்று ஜிபி குப்பையைக் காலையில் அள்ளிப் போட்டதை, அப்பா சட்டப்படி ஒரு வருடமாகத் தொடாததை வெளியேற்றியதை. சொல்லச் சொல்ல அக்கா முகம் போகிற போக்கைப் பார்த்து நடுவிலேயே நிறுத்திவிட்டான்.

பெனிட்டா கத்தவில்லை. அந்த மேப் சாப்ட்வேரை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். அது குறித்ததையெல்லாம் அந்தந்த ஆளின் அக்கவுண்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அக்கவுண்ட் போனால் அதுவும் போகும். அவள் குனிந்து சுவரில் இருந்து வயரைப் பிடுங்கினாள். இதில் இனிமேல் ஒரு எழுத்து எழுதினாலும் அம்மா மேலேதான் எழுதுகிறாய் என்று மட்டும் சொன்னாள். அம்மாவின் ஜீப்பு வர ஐந்தரை ஆகும். அதற்குள் என்ன செய்ய முடியுமோ செய்ய வேண்டும்.

கம்பம் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் முத்துராஜாவின் சர்வீஸ் கடை. இமானுவேல் பைக்கை ஓட்ட, பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு பெனிட்டா பின்னால் உட்கார்ந்து போனாள். வழியெல்லாம் வாழைத்தார் லாரி. ஒரு குழியில் பைக் விழுந்து எழுந்தபோது அவள் பெட்டியைத்தான் பிடித்தாள், தம்பியைப் பிடிக்கவில்லை.

முத்துராஜா பெட்டியைத் திறந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பழைய சுத்துற டிஸ்க். புது மாதிரியாக இருந்திருந்தால் அப்படியே திருப்பிக் கொண்டு போங்கள் என்றிருப்பாராம். இதில் வழி இருக்கிறது. வீட்டை இடிக்கவில்லை, வாசலில் இருந்த நம்பரை மட்டும் அழித்திருக்கிறாய், வேறு ஆள் குடி வருகிற வரைக்கும் சாமான் உள்ளேயேதான் கிடக்கும் என்று விளக்கினார்.

"அழிச்ச பெறகு எதுவும் ஏத்துனியா?"

"ஒரு கல்யாண வீடியோண்ணே. முப்பது ஜிபி."

"யாரு கல்யாணம்?"

சொன்னான்.

"அவுக நல்லா இருக்கட்டும். ஒங்கம்மா தலைமேல ஏறித்தேன் ரிசப்சன் வச்சிருக்காக."

டிஸ்க்கைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டித் தேட விட்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. ஒரு மணி ஆனது. முதலில் போட்டோக்கள் வந்தன. பெயர் போய் வெறும் நம்பராக. பாறை, பைப், மரத்தின் வேர், மண் சரிந்த ஓரம், சேற்றில் ஒரு குளம்புத் தடம். ஒன்றில்கூட மனித முகம் இல்லை. இமானுவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. இதையெல்லாம் எதற்கு எடுத்து வைத்தாள் என்று அக்காவைக் கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்குப் பெனிட்டாவின் போன் அடித்தது. அப்பா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசல் நிறையச் சாமான். மேசை மேல் கம்ப்யூட்டர் இல்லை. மகன் அதையும் விற்றுத் தொலைத்துவிட்டான் என்று அவராகவே தீர்மானித்துவிட்டார். முத்துராஜா கடையில் இருக்கிறோம் என்று அவள் சொன்னதைக்கூட முழுதாகக் கேட்காமல் போனை வைத்தார்.

அரை மணியில் வந்து நின்றார். இடுப்பில் கவாத்துக் கத்தரி செருகியபடி. மகன் பக்கம் பார்க்கவில்லை. எம்புட்டுக்குப் பேசியிருக்கான்னு கேளுங்க என்றார் முத்துராஜாவிடம். முத்துராஜா ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, உட்காருங்க மாமா, விக்கிறதுக்கு வரல, ஒங்க வீட்டம்மாவத் தேடிக்கிட்டு இருக்கோம் என்றார்.

பெனிட்டா நடந்ததைச் சொன்னாள். பீட்டர்ராஜுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அவ அதுல என்ன பண்ணப் போறா என்றார். விடியுமுன்னே நாலு மணிக்கு அடுக்களைப் பக்கம் நீல வெளிச்சம் தெரியுமாம். உலை கொதிக்கிற நேரத்தில் அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாளாம். இவர் புரண்டு படுத்துக்கொள்வாராம்.

"திருப்பலிப் பூசை பாக்குறான்னு நெனச்சேன்."

ஆறு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இரண்டரை மணிக்கு அந்த ஃபைல் கிடைத்தது. நடுநடுவே அரித்துப்போன மாதிரி. ஒரு பக்கம் எழுத்து, அடுத்த பக்கம் கிறுக்கல். கல்யாணம் உட்கார்ந்த இடமெல்லாம் போய்விட்டிருந்தது. முத்துராஜா கிறுக்கலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துக் கட்டினார். பெனிட்டா அதை மேப்பில் ஏற்றினாள்.

பூமி உருண்டு வந்து நின்றது. கம்பம் பள்ளத்தாக்கு. பச்சைக் கட்டம் கட்டமாக வயல், சாம்பல் நிறத்தில் ஊர்கள், மேற்கே சுவர் போல மலை. ஒரு நொடி வெறும் மலையாக இருந்தது. அடுத்த நொடி மஞ்சள் ஊசிகள் இறங்கின.

ஒன்று, பத்து, நூறு என்று இல்லை. மழை விழுகிற மாதிரி விழுந்தன. கம்பம்மெட்டில் ஏறி, வளைவு வளைவாகப் போய், உச்சியைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து மலையின் அந்தப் பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. பெனிட்டா எண்ணிக்கையைப் பார்த்தாள். எண்ணூற்று ஆறு. அரித்தது போக மிச்சம் மட்டும் எண்ணூற்று ஆறு.



பெனிட்டா ஒரு ஊசியைத் தொட்டாள். அம்மாவின் எழுத்து வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் ஒற்றை விரலால் அடித்த எழுத்து.

'இங்கன தண்ணி குடிக்கலாம். மேல மருந்தடிக்கிற மாசம் குடிக்காத.'

இன்னொன்று. 'தேன்கூட்டு மரம். பேசாம நட.'

இன்னொன்று. 'போன் எடுக்கும். பாறை மேல ஏறி நிக்கணும். ரெண்டு கம்பி.'

'ஒதுங்க எடம் இருக்கு. ரோட்ல இருந்து தெரியாது.'

'மழைக்கு அப்புறம் இந்த மேட்டுல கால் வைக்காத. கீழ மண்ணு இல்ல.'

'ராஜாத்திக்குப் பிள்ளை பொறந்த எடம். தண்ணி பக்கம். கத்தி வேணும்.'

பெனிட்டா தொட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. காட்டுமாடு வருகிற தடம், அது வருகிற மாதம். எந்த ஷெட்டில் ஒழுகாது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுச் சேச்சி சுடுதண்ணி கொடுப்பாள். பெயரே இல்லாத இடங்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. சோத்துப் பாறை, அட்டைப் பள்ளம், வழுக்கு வாய்க்கால், சிரிச்ச மேடு. எஸ்டேட்காரனின் பட்டாவிலும் சர்க்கார் படத்திலும் இல்லாத பெயர்கள். குனிந்து காய் பறிக்கிறவள் நிமிர்ந்தபோது வைத்த பெயர்கள்.

பீட்டர்ராஜ் ஸ்டூலில் இருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அந்த மலையில் மூன்று வருடம் வேலை பார்த்தவர்தான். அவருக்கு அந்த மலையில் நினைவிருந்தது இரண்டு சாராயக் கடையும் ஒரு பஸ் நிறுத்தமும்.

"அந்த வளைவப் பெருசாக்கு இமானு" என்றார்.

இமானுவேல் பெரிதாக்கினான். அப்பா தன்னிடம் பேசினார் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அந்த வளைவில் ஒரு ஊசி. 'ஜீப்பு கவுந்தது.' கீழே பதினொரு பெயர். வரிசையாக, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பது முதற்கொண்டு. நாலாவது பெயர் அக்கம்மாள்.

முத்துராஜா எட்டிப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார். எங்க சித்தி என்றார். எங்கே விழுந்து இறந்தாள் என்று இன்று வரை அவர்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மேலே ஏதோ ஒரு வளைவு என்பார்கள். அவர் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டார். விரல் அழுக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை.

கூலி எவ்வளவு என்று பீட்டர்ராஜ் கேட்டதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். பெட்டியை மூடி, வண்டி வரைக்கும் தானே தூக்கி வந்து கொடுத்தார்.

ஐந்து நாற்பதுக்கு ஜீப்பு வந்தது. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு. மேலே நல்ல மழையாம். வியாகுலமேரி வாசலில் கிடந்த சாமான்களைத் தாண்டி வந்து, மூன்று பேரும் வேலை எதுவும் செய்யாமல் சுவரோரமாக நிற்பதைப் பார்த்தாள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

இமானுவேல் சொன்னான். ஒளிக்காமல் சொன்னான். எண்ணூற்று ஆறு கிடைத்திருக்கிறது என்பதையும் சொன்னான்.

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். ஏலக்காய்ச் சாறு பட்டுக் கறுத்த விரல்கள். எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு.

"ஒரு வருசமா யாரும் தொடலன்னு நெனச்சியோ."

"நீ ஒக்காந்து நான் பாத்ததே இல்லம்மா."

"நீ எந்திரிக்கிறது ஏழு மணிக்கு."

அவ்வளவுதான் திட்டு. அதற்கு மேல் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கை கால் கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கடையில் இருந்து வந்ததும் அவள் பெயரில் ஒரு புது அக்கவுண்ட் போட்டு, கிடைத்ததை அதில் இறக்கி வைத்திருந்தாள் பெனிட்டா. அந்தத் தோள்பட்டை ஒட்டிய பழைய போட்டோ கிடைக்கவில்லை. வெறும் ஒரு வட்டமும் பெயரும் இருந்தது.

மேப் திறந்தது. வியாகுலமேரி ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"ஆயிரத்து எரநூத்திச் சொச்சம் இருந்துச்சு. வண்டன்மேட்டுப் பக்கம் பூராம் போச்சு."

எப்படி ஒரு பார்வையில் தெரியும் என்று பெனிட்டா கேட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் குடம் இடம் மாறியிருந்தால் தெரியாதா என்றாள் அவள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். செக்போஸ்ட்டில் இருந்து நடக்கிறேன், நீ போட்டுக்கிட்டே வா என்றாள்.

இமானுவேல் மவுஸைப் பிடித்தான். அவள் சொன்னாள். செக்போஸ்ட் தாண்டி இரண்டாவது சின்னப் பாலம், இடது கைப் பக்கம் இறங்கு, நூறு எட்டு நட, அங்கன ஒண்ணு. அதிலிருந்து மேடு ஏறினால் ஒரு பலா, பலாவுக்கு மேற்கே, அங்கன ஒண்ணு. அவன் வானத்தில் இருந்து எடுத்த படத்தில் அவள் கால் போகிற வழியைத் தேடித் தேடி ஊசி வைத்தான். ஓர் இடத்தில் வெறும் மரமாகத்தான் தெரிந்தது. இங்கே ஒன்றும் இல்லையேம்மா என்றான். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளு என்றாள், கண்ணைத் திறக்காமல். தள்ளினான். இலைகளுக்கு நடுவில் நகத்தளவு நீலம் தெரிந்தது.

"நீலமா இருக்கா? தார்ப்பாயி. சோறு பொங்குறது அங்கனதேன்."

இமானுவேலின் கை மவுஸ் மேல் நின்றுவிட்டது. அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஒரு மிஷினும், சேற்றுக் காலோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். இதில் யார் யாரைச் சரிபார்க்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. திருப்பூரில் முந்நூறு மிஷின் ஓடுகிற கூடத்தில் முதல் நாள் நின்றபோதுகூட அவனுக்கு இப்படி மலைப்பாக இருந்ததில்லை.

எதற்கு இதை ஆரம்பித்தாய் என்று பெனிட்டா கேட்டாள். வியாகுலமேரி அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை, மருந்து கலந்த தண்ணியைக் குடித்துவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். மறுநாள் ஜீப்பில் எல்லாரும் எந்தத் தண்ணி, எந்த இடம் என்று கேட்டார்களாம்.

"சொல்றதுக்கு அந்த எடத்துக்கு ஒரு பேரு இல்லத்தா. பேரு இல்லாத எடத்த எப்படிப் போகாதன்னு சொல்றது."

ஒரு மணி நேரத்தில் எழுபத்து மூன்று ஊசி வைத்தார்கள். எல்லாம் திரும்பி வர இன்னும் பத்து நாள் ஆகும், ஆனால் திங்கட்கிழமைக்கு வேண்டிய பக்கம் முழுதாக இருந்தது. பீட்டர்ராஜ் அடுக்களைக்குப் போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தார். சர்க்கரை அதிகம். இருந்தாலும் எல்லாரும் குடித்தார்கள்.

பிறகு வியாகுலமேரி கண்ணைத் திறந்தாள். அடுத்ததை நான் போட்டுக்கிறேன் என்று மகன் கையில் இருந்து மவுஸை வாங்கினாள்.

படத்தை நகர்த்தினாள். அது மேற்கே, மலைப்பக்கம் போகவில்லை. கிழக்கே போனது. கம்பத்தைத் தாண்டி, சின்னமனூரைத் தாண்டி, அவள் கூலிக்குப் போகாத பக்கம். பெனிட்டா ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"நீங்க எந்திரிங்க. வெள்ளையடிக்கிற வேல கெடக்குல்ல."

மூவரும் வெளியே வந்தார்கள். உள்ளே ஒற்றை விரல் எழுத்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். பத்து நிமிடம் கழித்து, இமானு இங்கன வா என்று கூப்பிட்டாள். மேப்பை மூடியிருந்தாள். இதுக்குப் பூட்டு போடணும், எப்படின்னு காட்டு என்றாள்.

அவன் பாஸ்வேர்டு வைக்கிற இடத்தைத் திறந்து கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பார்க்கக் கூடாது என்று நின்றானே தவிர, காதை மூட முடியவில்லை. பதினொரு தட்டு. இரண்டாவது தடவையும் பதினொன்று.

"இனி யாரும் தொறக்க முடியாதுல்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். அவள் நம்பிவிடுவாள். அவன் திரும்பினான்.

"முடியும்மா. நான் நெனச்சா முடியும். அட்மின் நான்தேன். ஒன் பூட்ட மாத்திட்டு உள்ள போயிரலாம். காலையில அழிச்ச மாதிரி அழிக்கவும் முடியும்."

வியாகுலமேரி அவனையே பார்த்தாள். காலையில் இருந்து அவன் செய்ததில் இது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. டீ டம்ளரை எடுத்துக் கடைசி வாயைக் குடித்தாள்.

"அப்ப அத எனக்கு மாத்து."

அவன் சொன்னான், அது பெரிய பொறுப்பம்மா, ஏதாவது தப்பாகத் தொட்டால் எல்லாருடையதும் போய்விடும் என்று. வாயில் வந்த பிறகுதான் என்ன சொல்கிறோம் என்பது உறைத்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். அவள் பெயருக்கு எதிரே அட்மின் என்று மாற்றினான். தன் பெயருக்கு எதிரே இருந்ததை எடுத்தான். நிச்சயமா என்று அது கேட்டது. இந்தத் தடவை படித்துப் பார்த்தான். ஆமாம் என்று கொடுத்தான்.

சோதித்துப் பார்க்கத் தன் கதவு வழியாக உள்ளே போனான். வீடியோ சாப்ட்வேர் ஒன்றைப் புதிதாகப் போடப் பார்த்தான். திரை இருண்டு, நடுவில் ஒரு கட்டம் வந்தது. இதற்கு அனுமதி வேண்டும். கீழே ஒரு பெயர், வியாகுலமேரி. அதற்குக் கீழே பாஸ்வேர்டு கேட்கிற வெற்றுக் கோடு.

அவள் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். தன் பெயரை எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தாள்.

"நாளைக்கிப் பாக்கலாம்" என்றாள். உலை வைக்கப் போய்விட்டாள்.

இமானுவேல் வாசலுக்கு வந்தான். பீட்டர்ராஜ் கவிழ்த்துப் போட்ட உரல் மேல் உட்கார்ந்திருந்தார். காலுக்குக் கீழே சுண்ணாம்பு வாளி. வெள்ளையடிக்கிற மட்டையைத் தோய்த்துக் கையில் பிடித்தபடியே இருந்தார், சுவரில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

"எந்தப் பக்கம் கொண்டு போனா?" என்று கேட்டார்.

"கெழக்கப்பா. நான் எந்திரிக்கிறப்ப மயிலாடும்பாறை வந்துருச்சு. அங்கன நமக்கு யாரு இருக்கா?"

பீட்டர்ராஜுக்கும் தெரியாது. அந்த ஊர்ப் பேரை அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. மட்டையில் இருந்து சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக அவர் கால் மேல் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. உள்ளே வியாகுலமேரி அரிசி களைகிற சத்தம் கேட்டது. அது நிற்கிற வரைக்கும் அவர் அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.